மூத்தோரும் ஆடுகளமும்

யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்ட அன்பர்கள், தமிழாசிரியராகிய நம்மிடம் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். நாம் எழுதப் புகுந்ததோ பந்தாட்டத்தைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. விழாக் காலங்களிற் பழைய மாணவர்க்கு நாம் அளிக்கும் இடம் மேடையேயன்றி மைதானம் அன்று. பொன்னாடை போர்த்துகிறோம், வெற்றிக் கிண்ணங்களை அவர் கையால் வழங்குவிக்கிறோம். ஆட வருமாறு அழைப்பதில்லை. அழைத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஊதியம் பெற்று ஆடுவோரைத் தொழின்முறை ஆட்டக்காரர் என்றும், விருப்பத்தின் பொருட்டு ஆடுவோரை அமெச்சூர் ஆட்டக்காரர் என்றும் உலகம் பிரித்து வழங்குகிறது. அமெச்சூர் என்னும் சொல் ‘அன்பு செய்பவர்’ என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. டெனிஸ் உலகில் இப்பிரிவு நெடுங்காலம் மதில்போல் நின்றது. விம்பிள்டன் சாம்பியன் போட்டியின் கதவு 1968ஆம் ஆண்டிலேயே தொழின்முறையாளருக்குத் திறந்தது. இன்று அம்மதில் இல்லை. ஆயினும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. தொழிலாக ஆடியவர் ஓய்வு பெற்ற பின்னரும் மட்டையைக் கையில் எடுப்பாராயின், அவரும் அன்பு செய்பவராகவே களத்துக்கு மீள்கிறார். அத்தகையவரோடு ஆடக் கிடைத்தல் இளையவர்க்கு வாய்க்கும் பெரும் பேறாகும்.

தமிழரிடையே இதற்குச் சான்றாக இராமநாதன் கிருஷ்ணன் குடும்பத்தைக் கூறலாம். தந்தையார் டி. கே. இராமநாதன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். மகனுக்கு ஆசானும் அவரே. மகன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே ஆடவர் அரையிறுதியை எட்டினார். தொழின்முறைக் குழுவிற் சேருமாறு ஜாக் கிராமர் பெருந்தொகை காட்டி அழைத்தபோது மறுத்தார். 1966இல் டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தை அடைந்த இந்திய அணியின் தலையாய வீரரும் அவரே. அவர் மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு என்னும் இரு இளையோர் பட்டங்களையும் பெற்றார். பேரனைப் பயிற்றுவித்தவரும் பாட்டனாரே. பின்னாளில் தந்தையும் மகனும் சென்னையிற் பயிற்சி நிலையம் அமைத்து, பிறர் பிள்ளைகளுக்கும் பந்து வழங்கினர்.

கிருஷ்ணனின் ஆட்டம் வன்மையாற் பெயர் பெற்றதன்று. பந்தை வேண்டிய இடத்தில் மெல்ல இறக்கும் நுட்பமே அவரது படைக்கலம். வயது ஏறத் தோளின் வலிமை குன்றும். பந்து எங்கே வரும் என்று முன்னரே காணும் கண் அத்துணை விரைவிற் குன்றாது. மூத்தவரிடம் இளையவர் பெறத்தக்கது அக்கண்ணே.

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் முப்பத்தொரு வயது ரமேஷும் பத்தொன்பது வயது லியாண்டர் பயஸும் இரட்டையராய் ஆடிக் காலிறுதிவரை சென்றனர். அடுத்த ஆண்டில் ரமேஷ் ஓய்வு பெற்றார். நான்காண்டுகள் கழித்து அட்லாண்டாவில் லியாண்டர் ஒற்றையர் வெண்கலம் வென்றார். அப்பதக்கம் லியாண்டரின் உழைப்புக்குரியது, ஐயமில்லை. எனினும் மூத்தவரும் இளையவரும் வலைக்கு ஒரே பக்கத்தில் நின்றனர் என்பதை மறத்தலாகாது.

இக்கருத்தை நாம் நூலிற் கற்றிலோம்; கீரிக் கரையிற் கற்றோம். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது நமக்கு வயது பத்து. மன்னார்த் தீவினர் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். மடுவில் அடைக்கலம் புகுந்தோரும் பலர். ஒக்டோபரில் நம் முஸ்லிம் அயலவர் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய சிறுவருக்கு ஆட மணல் இருந்தது. ஆட்டம் காட்ட மூத்தவர் இல்லை. பார்த்துப் பழக எவருமின்றி, பலத்த அடியே ஆட்டம் என்று எண்ணி வளர்ந்தோம்.

2002இற் போர்நிறுத்தம் வந்தபின் ஊர் மீண்டவர்களுள் முதியவர் ஒருவர் இருந்தார். இளமையிற் கொழும்பில் ஓர் அலுவலக அணிக்காகக் கரப்பந்தாடி ஊதியம் பெற்றவர். அவரே இரண்டு பனங்கம்புகளை நாட்டி, கிழிந்த மீன்வலையைக் குறுக்கே கட்டினார். நாம் எதிர்ப்பக்கம் நின்று, நம் திறமை காட்ட, அவர் முழங்கால் மடங்காது என்பதை அறிந்தும் அவர் காலடியிலேயே ஓங்கி அடித்தோம். பந்து மூன்று முறை மணலில் விழுந்தது. அவர் சினக்கவில்லை. குனிந்து வலைக்குக் கீழாக நம் பக்கம் வந்தார். “தம்பி, அந்தப் பக்கம் நிண்டால் உமக்குப் பந்து தர ஏலாது,” என்றார்.

அன்று முதல் அவர் பந்தை உயர்த்திக் கொடுக்க, நாம் அடித்தோம். தொடக்கத்திற் கைக்கெட்டும் உயரத்திற் கொடுத்தவர், நாள் செல்லச் செல்ல ஓர் அடி தள்ளியும் சற்றே உயர்த்தியும் கொடுத்தார். அதனை நாம் அப்போது உணரவில்லை. ஆசிரிய கலாசாலையிற் பயின்று வகுப்பறையில் நின்ற பின்னரே, பிள்ளை எட்டக்கூடியதற்கு ஒரு படி மேலே பாடத்தை வைத்தல் என்பது இதுவே எனத் தெளிந்தோம். முழுப் பலத்தோடு ஆடி இளையவனை வீழ்த்துதல் மூத்தோர்க்கு அழகன்று. வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தலும் ஏமாற்றேயாகும். இவ்விரண்டிற்கும் நடுவே அவர் நின்றார். இன்று அவர் இல்லை.

கரப்பந்தாட்டமும் டெனிஸுக்கு உறவே. 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் இதனை வகுத்தபோது வலையை டெனிஸிலிருந்து எடுத்தார். கூடைப்பந்தாட்டத்தின் கடுமையைத் தாங்கமாட்டாத, வயதில் மூத்தோரை எண்ணியே வகுத்தார். 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டும் இதுவே. ஆதலின் ‘வயதாகிவிட்டது’ என்னும் சாக்கு இவ்வாட்டத்திற் செல்லாது.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையைக் கூறுதல் முறை. நாமும் பல ஆண்டுகளாக மைதான ஓரத்திற் கைகட்டி நின்றே மாணவர் ஆட்டத்தைப் பார்த்து வந்தோம். காரணம் முழங்கால் நோவு என்று சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம், மாணவர் முன் பந்தைத் தவறவிட நேரும் என்ற கூச்சம். காலடியிற் பந்து விழவும் சிரித்துக்கொண்டு வலையைக் கடந்த அம்முதியவரிடம் நாம் கற்றது பாதியே போலும்.

விழாக்களிற் ‘பழைய மாணவர் எதிர் இன்றைய மாணவர்’ என ஆட்டம் நடத்துவது எங்கும் உள்ள வழக்கம். அதனை மாற்றி, இரு பக்கத்திலும் இரு சாராரையும் கலந்து நிறுத்துமாறு விழாக் குழுவினரை வேண்டுகிறோம். யூபிலியோடு நின்றுவிடாது மாதம் ஒரு மாலையேனும் இது தொடர வேண்டும். மாலைதோறும் தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு மாலையைப் பெற்றோர் விட்டுக்கொடுக்க வேண்டும். மாணவரே, மூத்தவரின் தளர்ந்த முழங்காலை நோக்கி அடியாதீர். மூத்தவர்களே, பழம்பெருமையைப் பேசிக்கொண்டு நில்லாது பந்தை உயர்த்திக் கொடுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அனுப்பும் கிண்ணங்களுக்கு நன்றி உடையோம். விடுமுறையில் வரும்போது விளையாட்டுச் சப்பாத்தையும் கொண்டு வருக.

அவ்வாட்டத்தில் முதற் பந்தைத் தவறவிடுபவர் பெரும்பாலும் நாமாகவே இருப்போம். அதற்கு இப்போதே ஆயத்தமாகிவிட்டோம்.