புனிதப் போரின் கணக்குப் புத்தகம்

காலை நடை முடித்துக் கடற்கரையில் காந்தி சிலை அருகே உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காலத்துல மதத்துக்காக உயிரையே கொடுத்தாங்க சார். அது புனிதப் போர். இப்ப நடக்கிறதெல்லாம் பணத்துக்கும் பதவிக்கும்தான்." வாக்குவாதம் வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நண்பரைக் குறை சொல்ல முடியாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஓக் மரத்தடியில் அமர்ந்து நீதி வழங்கும் ஒன்பதாம் லூயி மன்னரின் படம் எங்கள் சரித்திரப் புத்தகத்தில் இருந்தது. 1095இல் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் பேசியதும் கூட்டம் "தியே ல வே", அதாவது இது கடவுளின் சித்தம், என்று முழங்கியதை வாத்தியார் கையை உயர்த்திச் சொல்லுவார். எங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

பிறகு அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தா வேலை. கோப்பின் மேலட்டையை நம்பாதே, உள்ளே ரசீதைப் பார் என்பதுதான் அங்கே நான் கற்ற பாடம். ஓய்வு பெற்றபின் வில்லார்துவேனின் நூலையும் அப்படித்தான் படித்தேன். நான்காம் சிலுவைப் போரை நடத்தியவர்களில் ஒருவர் அவர். படைக்குக் கப்பல் பேசச் சென்ற ஆறு தூதர்களிலும் ஒருவர்.

1201இல் வெனிஸ் நகரத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 33,500 பேரையும் 4,500 குதிரைகளையும் ஏற்றிச் செல்ல 85,000 மார்க் வெள்ளி. வெனிஸ் தன் பங்குக்கு 50 போர்க்கப்பல்கள் அனுப்பும், பிடிப்பதில் பாதி அதற்கு. ஆனால் வந்து சேர்ந்த படை மூன்றில் ஒரு பங்குதான். 34,000 மார்க் நிலுவை நின்றது.

கடனைத் தள்ளிப்போட வெனிஸ் கேட்டது ஸாரா நகரத்தை. அது கிறிஸ்தவ நகரம். கிறிஸ்தவர்களைத் தாக்கக் கூடாது என்று போப் மூன்றாம் இன்னொசென்ட் தடை விதித்திருந்தார். ஊர்மக்கள் மதிலில் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் 1202 நவம்பரில் நகரம் வீழ்ந்தது.

அடுத்து கான்ஸ்டான்டிநோபிள். அரியணையில் ஏற்றிவிட்டால் 200,000 மார்க் தருவதாக அந்நாட்டு இளவரசன் ஒருவன் வாக்களித்தான். ஏற்றினார்கள். அவனால் முழுதும் கொடுக்க முடியவில்லை. 1204 மார்ச்சில், நகரத்தைப் பிடிக்கும் முன்பே, கொள்ளையை எப்படிப் பங்கு பிரிப்பது என்று எழுதிக்கொண்டார்கள். ஏப்ரலில், தாக்குதலுக்குச் சற்று முன்னர்தான், இந்தப் போர் நியாயமானது, கிரேக்கர்கள் ரோமுக்குக் கீழ்ப்படியாதவர்கள் என்று ஆயர்கள் வீரர்களுக்குப் பிரசங்கம் செய்தார்கள். முதலில் முடிவு, பிறகு காரணம். இந்த வகைக் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் சூறையாடினார்கள். ஹாகியா சோபியா ஆலயமும் தப்பவில்லை. அந்தப் படையில் பெரும்பகுதி ஜெருசலேம் இருந்த திசைக்கே போகவில்லை.

பிற்பாடு அங்கே ஆண்ட லத்தீன் பேரரசு கடனில் மூழ்கி, இயேசுவின் முள்முடி என்று போற்றப்பட்டதையே ஒரு வெனிஸ்காரரிடம் அடகு வைத்தது. மீட்டவர் என் பாடப்புத்தகத்து லூயி மன்னர். 1239இல் அது பிரான்சுக்கு வந்தது. பாரீஸில் சேந்த் ஷாப்பெல் ஆலயம் அதற்காகத்தான் எழுந்தது. இதை வாத்தியார் எங்களுக்குச் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பும் விதிவிலக்கல்ல. சலாவுதீன் 1187இல் ஜெருசலேமை வென்றார். அதற்கு முன் பல ஆண்டுகள் சக முஸ்லிம் ஆட்சியாளர்களோடுதான் அதிகம் போரிட்டார்.

"சாதாரண வீரன் உண்மையாகவே நம்பினானே?" என்று கேட்பீர்கள். நம்பினான், மறுக்கவில்லை. நிலத்தை விற்று வந்தவர்கள் உண்டு. ஸாராவைத் தாக்க மறுத்து விலகியவர்களும் உண்டு. ஆனால் கப்பல் எங்கே போக வேண்டும் என்பதை அவன் பக்தி தீர்மானிக்கவில்லை, நிலுவைத் தொகை தீர்மானித்தது. ஏமாந்தவனின் பக்தியைக் காட்டி ஏமாற்றியவனின் போரைப் புனிதமாக்க முடியாது.

2001இல் ஏதென்ஸ் சென்ற போப் இரண்டாம் ஜான் பால், கான்ஸ்டான்டிநோபிள் சூறையாடப்பட்டதற்காக வருத்தம் தெரிவித்தார். திருச்சபையின் தலைவரே வருந்தியதை நாம் ஏன் புகழ வேண்டும்?

நம் வயதுக்காரர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் காலத்துப் போர் புனிதமானது என்று நாம் சொல்லி வைத்தால், நாளைக்கு எவனாவது அதே கொடியைத் தூக்கும்போது அவர்கள் பின்னால் போவார்கள். நாளைக் காலை நண்பரைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். இந்த முறை எழுந்து வர மாட்டேன்.