குறிச்சொற்களை உதிர்க்கலாகாது

‘ஒரு கிராம் மண்ணில் 10⁵ நுண்ணுயிர்கள்’ என்று நான் மொழிபெயர்த்துக் கொடுத்த குறிப்பு, வலைப்பக்கத்தில் ‘105 நுண்ணுயிர்கள்’ என வெளிவந்தது. இலட்சம் நூற்றைந்தாயிற்று. எழுத்தில் பிழையில்லை, எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் பக்கமாக மாற்றிய எக்ஸ்எஸ்எல்டி நடைத்தாளில்தான் பிழை இருந்தது.

செய்தியின் உறுப்புகளைப் பெயரிட்டுப் பிரித்து வைப்பது 1998இல் வகுக்கப்பட்ட எக்ஸ்எம்எல். அவ்வுறுப்புகளைக் காட்சிக்குரிய எச்டிஎம்எல் வடிவமாக மாற்றுவது 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி. செய்தியினுள்ளேயே மேலெழுத்து, சாய்வெழுத்து முதலிய எச்டிஎம்எல் குறிச்சொற்கள் பொதிந்திருக்குமாயின், ‘வேல்யூ-ஆஃப்’ என்னும் கட்டளை அவற்றை உதிர்த்துவிட்டு வெறும் எழுத்துகளையே எடுத்துச் செல்லும். ‘காப்பி-ஆஃப்’ என்பதோ குறிச்சொற்களோடு உறுப்பு முழுவதையும் அப்படியே பெயர்த்து வைக்கும்.

வடிவக்குறிகள் வெறும் அலங்காரமே என்பாரும் உளர். 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தோற்றுவித்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்றைப் பிரித்துக் காட்டினார். நூற்பகுப்புக்கென அவர் கூறியது இங்கும் பொருந்துமென்பது என் கருத்து. பத்தின் தோளில் ஏறிய ஐந்து குறியீடேயன்றி அணியன்று. தாவரப் பெயரின் சாய்வெழுத்தும் அத்தகையதே.

குறிச்சொற்களைச் ‘சிடேட்டா’ உறையிலிட்டுப் பாதுகாக்கும் வழக்கமும் உண்டு. உறையிலிட்டவை வெறும் எழுத்தாகவே கருதப்படுமாதலால், வாசகர் கண்முன் கோணக் குறிகளே வந்து நிற்கும். அதனை மறைக்க ‘டிசேபிள்-அவுட்புட்-எஸ்கேப்பிங்’ என்னும் குறுக்குவழியை நாடுவர். அதனை நிறைவேற்றியே தீரவேண்டுமென எந்தச் செயலியையும் எக்ஸ்எஸ்எல்டி விதி கட்டாயப்படுத்தவில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி நெடுங்காலம் அதனை ஏற்காமலே இருந்தது. ஓர் ஊர்ப் பள்ளியில் செவ்வையாகத் தெரியும் பக்கம் அடுத்த ஊரில் அலங்கோலமாகத் தெரிவதை எங்ஙனம் ஒப்புவது?

ஆதலின், பொதிந்த எச்டிஎம்எல்லைப் பதிவின்போதே ஒழுங்குபடுத்துதல் வேண்டும். திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றையும் மூடுக. வரிமுறிப்புக் குறிக்கும் விலக்கில்லை. பதிவாளருக்கு இது கூடுதல் வேலையே, மறுப்பதற்கில்லை. குரோம் உலாவியிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டிருத்தலால், உருமாற்றத்தை உலாவியிடம் விடாது அலுவலகக் கணினியிலேயே முடித்து அனுப்புதலும் நன்று.

களப்பணியாளரும் ஆசிரியரும், வெளிவந்த பக்கத்தில் ஐயத்துக்குரிய எண் எதனையேனும் கண்டால், கரும்பலகையில் எழுதுமுன் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து எங்களுக்கு எழுதியனுப்புவார்களாக.