என் அக்கா பேத்தி பார்க்கிற வேலை



போன வாரம் கீரமங்கலத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் நம் சொந்தக்காரர் ஒருவர் என் அக்கா பேத்தியைப் பார்த்து, "ரெண்டு வருசம் படிச்சுப்புட்டு ஆயா வேலைதான் பாக்குறியாக்கும்?" என்றார். அவள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. விசேஷ வீட்டில் எதற்குப் பேச்சு என்று வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆயா வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இவள் பார்ப்பது வேறு. சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு டிப்ளமோ முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து, புதுக்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிறாள். அமெரிக்காவில் இதுபோன்ற வேலைக்கு 'பிஹேவியர் டெக்னீசியன்' என்று தனிப் பதவியே இருக்கிறது.

ஒருநாள் கூடப் போய் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயதுப் பையன் ஒருவன் திடீரென்று கையைக் கடித்துக்கொண்டு கத்தினான். நானாக இருந்தால் அதட்டியிருப்பேன். அவள் அவன் கடி படாமல் பார்த்துக்கொண்டாள். அவன் அடங்கியதும் நோட்டில் மூன்று விஷயம் குறித்தாள்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன ஆனது. பல நாள் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், பக்கத்து வீட்டு மிக்சி ஓடும்போதெல்லாம் கத்துகிறான் என்று தெரிந்ததாம். காதைப் பொத்துகிற படம் போட்ட அட்டையை அவனிடம் கொடுத்து, சத்தம் வந்தால் நீட்டப் பழக்கினாள். நீட்டினால் உடனே உள் அறைக்குக் கூட்டிப்போவாள். இப்போது கடிப்பது குறைந்திருக்கிறது என்கிறாள். அடியோடு நின்றுவிடவில்லை.

கையை ஆட்டாதே, கண்ணைப் பார் என்று பிள்ளையை அடக்குவதும் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களே அதைக் கண்டிக்கிறார்கள். அது நியாயம்தான். தனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளை சொல்லக் கற்பதே நல்ல பயிற்சி.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 1990-களில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். திமிர் என்று நினைத்து அடித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். என் ஆசிரியர் பயிற்சியில் ஆட்டிசம் என்ற சொல்லே காதில் விழவில்லை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகைகளிலும் அது இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம்பெற்றது. ஆனாலும் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஏன்டா காதைப் பொத்துறே என்று ஒருநாள் கேட்டிருக்கலாம்.

தொடக்கப் பள்ளியில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. இங்கேயோ வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக அலைகிறார்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணியும் முழுச் சம்பளமும் வேண்டும். அவர்கள் ஆசிரியர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திய நான் சொல்கிறேன், ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் அவர்கள் வேலை என் வேலையை விடக் கடினம்.

1991-இல் அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் கேலி பேசியவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் ஓட்டிக்கொண்டுதான் போனார்கள். என் பேத்தியும் போவாள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். அவனோடு என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், அவன் எங்கே எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்