நொச்சியை வெட்டிட்டு கொசுவைத் திட்டாதீங்க

வேலியில நின்ன நொச்சியை எல்லாம் ஜேசிபி விட்டுப் பிடுங்கிட்டு, கல்லுக்கால் ஊன்றி கம்பி கட்டியாச்சு. கேட்டா "நொச்சி இடத்தை அடைக்குது" என்கிறார்கள். பொழுது சாய்ஞ்சா அதே ஆட்கள்தான் மாட்டுத் தொழுவத்தில் நின்னு கொசுவைத் திட்டுகிறார்கள். ராத்திரி பிள்ளை தலைமாட்டில் கொசுவர்த்திச் சுருள். இது என்ன கணக்குங்க?

நொச்சிக்குச் செலவு கிடையாது. மழைக்காலத்தில் ஒரு குச்சியை ஒடிச்சு வரப்போரம் ஊனினா தழைஞ்சிடும். ஆடு வாய் வைக்காது. தழையை வயலுக்கு உரமாப் போடலாம், மிலாறுல கூடை பின்னலாம், சளி பிடிச்சா வேது பிடிக்கலாம். இதுக்கெல்லாம் மேல கொசுவையும் விரட்டும். எந்தக் கம்பி வேலி இதைச் செய்யும்?

இன்னொரு கூட்டம் இருக்கு. வாட்ஸ்அப்பில் படிச்சிட்டு, தொட்டியில் ஒரு நொச்சிக் கன்றை வாசல்ல வச்சிட்டு, இனிமே கொசு வராதுன்னு உட்கார்ந்திருப்பவர்கள். செடி சும்மா நின்னா கொசு அது மேலயே உட்காரும். சக்தி இலைக்குள்ள இருக்கிற எண்ணெயில்தான். இலையைக் கசக்கணும், இல்லாட்டி புகைக்கணும். அந்தி நேரத்தில் வறட்டி நெருப்புல பச்சை நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போட்டா, மாடு நிம்மதியா அசை போடும். ஆனா கைக்குழந்தையும் இளைப்புக்காரரும் இருக்கிற வீட்டுக்குள்ள வேண்டாம். எந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது, கொசுவர்த்திப் புகையும் சேர்த்துத்தான்.

டெங்கு கொசு பகல்ல கடிக்கிறது. அந்தி மூட்டத்துக்கு அது அடங்காது. அது முட்டையிடுறது நம்ம வீட்டு நல்ல தண்ணியில. கொட்டாங்குச்சி, பழைய டயர், மூடாத சிமெண்ட் தொட்டி. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்கில் தொட்டிச் சுவத்தில் ஒட்டிக் கிடக்கும். அதனால வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டி, சுவத்தைத் தேய்ச்சுக் கழுவணும். அதுக்கு ஆள் இல்லை. புகை மருந்து அடிக்க வரலைன்னு சத்தம் போட மட்டும் ஊரே இருக்கு. அந்த மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில நெளியிற புழுவை என்ன செய்யும்?

ஐப்பசி மழைக்கு என் வடக்கு வரப்பு நொச்சியைக் கழிக்கப் போறேன். குச்சி வேணுங்கிறவங்க வந்து வெட்டிக்கிட்டுப் போங்க, காசு வேண்டாம். வர்றதுக்கு முன்னாடி வீட்டுத் தொட்டியைத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க.