வாயிலும் வாயில் காப்போரும்

ஒருவர் எழுதிய கடிதம் எந்த அஞ்சற்பெட்டியில் இடப்பட்டதாயினும் உரியவர் கையைச் சென்று சேர்தல் வேண்டும் என்பதை யாவரும் உடன்படுவர். ஆயின் இக்காலத்துச் செய்திச் செயலிகளை நோக்குமின். வாட்ஸ்அப்பில் எழுதியது டெலிகிராம் உடையாரைச் சேராது. எழுதியவரும் பெறவேண்டியவரும் ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்திருப்பினும் சேராது. இதனை இயற்கை நியதியெனக் கொண்டு, மூன்று நான்கு செயலிகளை ஒரு கைப்பேசியிற் சுமந்து திரிகின்றோம். இஃது இயற்கையும் அன்று, இயலாமையும் அன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுகட்கு முன்னர், பெருஞ்செல்வமோ ஆள்வலியோ இல்லாத சிலர், முற்றும் மாறுபட்ட இரு வலைகளினிடையே மின்னஞ்சலைக் கடத்திய வரலாறே எமக்குச் சான்றாகும்.

1978 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிக்காகோ நகரம் பெரும்பனியில் முடங்கிக் கிடந்த நாட்களில், வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்னும் இருவர் ஒரு கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு பிணைக்கும் வேலையை மேற்கொண்டனர். மோடம் என்னும் கருவியின் வழியே எவரும் அதனை அழைத்துச் செய்தி எழுதிவைக்கலாம்; பிறர் எழுதியதைப் படிக்கலாம். இங்ஙனம் பிறந்த அறிவிப்புப் பலகைகள் பின்னர் ஊர்தோறும் பெருகின. பெரும்பாலனவற்றிற்கு ஒரே தொலைபேசி இணைப்பாதலின், ஒருவர் உள்ளே இருக்குங்கால் மற்றவர் காத்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தனித்தீவு. அத்தீவுகளை ஒன்றோடொன்று இணைக்கவே 1984 இல் சான்பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் என்பார் ஃபைடோநெட் என்னும் வலையைத் தொடங்கினார். தொலைபேசிக் கட்டணம் குறைந்திருக்கும் இரவு நேரத்தில் கணினிகள் தாமே ஒன்றையொன்று அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களை மாற்றிக்கொள்ளும். இதற்கென இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது; அந்நேரத்திற் பலகைக்கு மனிதர் எவரும் வருதல் கூடாது.

மற்றொரு பக்கத்தில் இணையம் வளர்ந்துகொண்டிருந்தது. அது பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் அரசின் பொருளுதவியால் நடத்தியது. இரவும் பகலும் இடையறாத இணைப்புடையது. இவ்விரண்டிற்கும் நடுவே யூனிக்ஸ் கணினிகளைத் தொலைபேசியாற் பிணைத்த யூயூசிபி என்னும் முறையும் இருந்தது. அதிற் கடிதம் எழுதுவோர் இடைப்பட்ட கணினிகளின் பெயர்களையெல்லாம் வியப்புக்குறி இட்டு வரிசையாக எழுதி, செல்லும் வழியையும் தாமே கூறுதல் வேண்டும். வியப்புக்குறிக்கு இதனினும் பொருத்தமான பயன் இல்லை என்றே தோன்றுகிறது!

1986 சனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதி வெளியிட்ட ஒரு விதியால், இணையத்தோடு நேரே பிணையாத கணினிக்கும் இணையப்பெயர் இருத்தல் கூடும் என்றாயிற்று. அதன் கடிதத்தை மற்றொரு கணினி அதன்பொருட்டு ஏற்றுவைத்துப் பின் ஒப்புவிக்கலாம். அப்பத்தாண்டின் பிற்பாதியில் டிம் போசார், ஜான் கால்வின், காரி பாக்சினோஸ் என்னும் மூவர் யூஎப்கேட் என்னும் நிரலை இயற்றினர். வீட்டில் வைத்திருக்கும் சிறு கணினியே அதனால் ஃபைடோநெட்டிற்கும் இணையத்திற்கும் இடைநின்று கடிதம் மாற்றும் வாயிலாயிற்று.

முகவரியை மாற்றுவதே இதில் நுட்பமான வேலை. ஃபைடோநெட்டில் ஒருவரது இருப்பிடம் 1:234/56 என்றாற்போல எண்களால் ஆயது: முதலில் மண்டலம், அடுத்து வலை, இறுதியிற் கணினி. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் முறை இது. இணையமோ சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறுவது. ஆகவே அம்முகவரி எப்56.என்234.இசட்1.ஃபைடோநெட்.ஆர்க் எனத் தலைகீழாக எழுதப்பட்டது. ஆளின் பெயருக்கும் குடிப்பெயருக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தை இணையம் ஏலாதாகலின் அங்கே ஒரு புள்ளி வைக்கப்பட்டது. செய்யுளின் ஈற்றில் நின்ற சொல் இடையிலும் முதலிலும் சென்று கூடுவதை அளைமறிபாப்பு என்பர் நன்னூலார். முகவரிக்கும் அப்பொருள்கோள் வேண்டியதாயிற்றுப் போலும். எதிர்த்திசையிற் செல்லும் கடிதத்திற்கு வேறொரு சூழ்ச்சி. இணைய முகவரியை ஃபைடோநெட்டின் உறை தாங்காது. ஆதலால், உறையின்மேல் வாயிற்கணினியின் எண்ணையும், பெறுவோர் பெயருக்குரிய இடத்தில் யூயூசிபி என்பதையும் எழுதி, உண்மை முகவரியைக் கடிதத்தின் முதல் வரியில் வைத்தனர். வாயில் அவ்வரியைப் படித்துக் கடிதத்தை அப்பால் அனுப்பும். ஒரு வலை மற்றொன்றன் மொழியைக் கற்கவில்லை. தன் வழக்கத்தை விடவும் இல்லை. இடையே நின்றவர் இரண்டையும் அறிந்திருந்தார், அதுவே போதியதாயிற்று.

அகப்பொருள் பயின்ற எமக்கு, வாயில் என்னும் சொல் கதவுடைய இடத்தை மட்டும் குறிப்பதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல் கொண்டுசெல்லும் பாணனும் தோழியும் பிறரும் வாயில்கள் எனப்படுவர். அக்கணினிகளைக் காத்தோர் அப்பொருளிலும் வாயில்களே. ஆனால் பாணன் பரிசில் பெற்றான். இவர்கள் தம் கைப்பொருளையே இழந்தனர். இணையத்திலிருந்து எழுதுவோர் கடிதந்தோறும் கட்டணம் செலுத்தியவர் அல்லர். அக்கடிதத்தை நெடுந்தொலைவு அழைத்து ஒப்புவித்த பலகைக்காரர்க்கே தொலைபேசிக் கணக்கு வந்தது. நொடிக்கு 2400 பிட்டு செல்லும் மோடத்தில் 2000 எழுத்துடைய ஒரு பக்கம் எட்டு அல்லது ஒன்பது நொடியிற் போய்விடும். ஒரு லட்சம் எழுத்துடைய கோப்பிற்கு ஏழு நிமிடம் வேண்டும். அதனாலேயே கடிதத்தைச் சுருக்குமின், கோப்புக்களை அனுப்பாதிருமின் என்று வாயில் காத்தோர் வேண்டினர். இதனைக் கஞ்சத்தனம் என்பார் தாம் ஒரு மாதக் கணக்கையேனும் செலுத்திப் பார்க்கக் கடவர்.

இவ்வாயில்களின் பெருமை முழுதும் விளங்கியது வறியனவும் ஒதுக்கப்பட்டனவுமான நாடுகளிலேதான். இலண்டனில் கிரீன்நெட் என்னும் அமைப்பில் பணியாற்றிய காரென் பாங்க்ஸ் போன்றார், ஆப்பிரிக்காவிலிருந்த ஃபைடோ கணினிகளின் கடிதங்களை இணையத்தோடு இணைத்து வந்தனர். தென்னாப்பிரிக்காவின் வரலாறு இன்னும் சிக்கலானது. கிரகாம்ஸ்டவுனில், அஃதாவது இப்போது மக்காண்டா எனப் பெயர் பெற்ற ஊரில், ரோட்ஸ் பல்கலைக்கழகம் உள்ளது. 1980களின் இறுதியில், நிறவெறி அரசைக் கண்டித்து உலகத்தார் கல்வித்துறையிலும் அந்நாட்டோடு உறவறுத்திருந்தமையின், அதற்கு நேர்வழி இணைப்புக் கிடைத்தற்கு அரிதாயிருந்தது. அந்நிலையில் மைக் லாரி முதலானோர் ஃபைடோநெட் முறையைக் கைக்கொண்டு, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ராண்டி புஷ் என்பாரின் இல்லத்துக் கணினியோடு தொலைபேசி வழியே கடிதம் மாற்றினர். 1991 நவம்பரில் அந்நாட்டினின்று இணைய இணைப்பு முதன்முதலாகச் சென்று சேர்ந்ததும் அவ்வில்லத்திற்கே.

உறவறுத்தல் நேரியதே என்பது எம் கருத்து. எனினும் ஓர் அரசோடு உறவை முறிப்பது வேறு. அந்நாட்டில் வாழும் ஒருவர் எழுதிய கடிதத்தை மறிப்பது வேறு. இதனை உடன்படாதார் உளர். அரசின் பொருளால் நடக்கும் பல்கலைக்கழகம் அரசின் வேறன்று என்பர். அவர் கூற்றில் வலியில்லாமல் இல்லை. ஆயினும் அடைபட்ட ஒரு நாட்டினுள் வெளியுலகச் சொல் நுழைவதற்கு அஞ்சவேண்டியவர் கொடியோரேயன்றி நல்லோர் அல்லர்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. வாயிலைக் கடக்கும் கடிதம் முத்திரையற்ற கடிதம். காப்போன் விரும்பின் படிக்கலாம். 1989 இல் வகுத்த ஃபைடோநெட் விதிநூல், தம் வழியே செல்லும் பிறர் கடிதத்தை வெளியிடுதலும் பயன்கொள்ளுதலும் தகாவென்று கூறிற்று. ஆனால் விதியைக் காத்தது காப்போனது நாணமே, பூட்டு அன்று. கடிதம் சேர இரண்டொரு நாளாகும். சிலபோது சேராமலும் போம்.

இக்குறையையே காட்டி, இக்காலப் பெருநிறுவனங்கள், எம் செய்திகள் முத்திரையிடப்பட்டவை, பிறர்க்கு வாயில் திறந்தால் முத்திரை உடையும் என்கின்றன. இது பொய்யான தடை அன்று; நாற்பதாண்டுக்கு முன்னையோர் எதிர்ப்படாத தடையும் ஆகும். எனினும் தடை உண்மையாதலும் அதனைக் கடக்க மனமின்மையும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் இயற்றிய எண்ணிமச் சந்தைச் சட்டம் இவ்வேறுபாட்டை உணர்ந்தே செய்யப்பட்டது. பிற செயலியார் வேண்டுவாராயின் பெருஞ்செயலிகள் தம் வாயிலைத் திறத்தல் வேண்டும். திறக்குங்கால் முத்திரையின் காப்பும் குன்றலாகாது என அது விதித்தது. அவ்விதி அந்நிறுவனங்களை 2024 மார்ச்சு முதற் கட்டுப்படுத்துகின்றது. அச்சட்டம் அவர்க்கு இட்ட பெயரும் வாயில் காப்போர் என்பதே! போர்ட்லாந்திலும் இலண்டனிலும் இரவெல்லாம் மோடத்தைக் காத்தவர்க்கும் இவர்க்கும் ஒரே பெயர் பொருந்துமாற்றை எண்ணின் நகையே தோன்றுகின்றது. ஐரோப்பாவில் வாழ்வார்க்கு அவ்விதி உதவும். நம் கைப்பேசிகட்கு அது எட்டாது.