இரண்டு ‘ஷாண்டி’கள்!

பொள்ளாச்சியில் ‘ஷாண்டி’ என்றால் சந்தை. நம் சந்தைதான் வெள்ளைக்காரர் வாயில் ‘ஷாண்டி’ ஆயிற்று. இங்கிலாந்திலோ ‘ஷாண்டி’ என்பது ஒரு பானம். பாதி பீர், பாதி எலுமிச்சைச் சோடா. ஜெர்மனியில் இதற்கு ‘ராட்லர்’ என்று பெயர். ‘சைக்கிள்காரர்’ என்று பொருள்!

“கோடைக்கு ஏற்றது, லேசானது” என்று நம்மூரிலும் சிலர் கலந்து குடிக்கிறார்கள். லேசானதுதானா? கணக்குப் பார்ப்போம்.

100க்கு 5 பங்கு ஆல்கஹால் உள்ள பீரில் சரிபாதி சோடா கலந்தால் இரண்டரை ஆகும். ஆனால் இந்தியாவில் அதிகம் விற்பது ‘ஸ்டிராங்’ பீர். அதில் 8 வரை உண்டு. பாதி கலந்தாலும் 4 நிற்கும். அதாவது, சாதாரண பீருக்குச் சற்றே குறைவு.

இனிப்பு கசப்பை மறைத்துவிடும். ஒரு கிளாஸுக்கு இரண்டாக இறங்கும். கலந்ததன் பயன் போயிற்று!

“லேசானதுதானே” என்று மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர் ஒன்றை நினைக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். சட்டம் ரத்தத்தைத்தான் பார்க்கும், சோடாவைப் பார்க்காது.

உண்மையிலேயே லேசான பானம் நம் தோப்பிலேயே இருக்கிறது. 1987ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2017ல் தென்னை நீரா இறக்க அரசு அனுமதி அளித்தது. பாளையில் வடிவதைப் புளிக்காமல் குளிரில் காத்தால் நீரா, புளித்தால் கள்.

பீர் கிடைக்கும் அளவுக்கு நீராவும் எளிதாகக் கிடைக்கட்டும். உழவருக்கும் வருமானம், குடிப்பவருக்கும் பயமில்லை.

ஷாண்டி சந்தையாகவே இருக்கட்டும்!