விற்பவருக்கே விற்பனைக் கணக்கு

டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கான வரைவு மசோதாவை மத்தியப் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. கருத்துக் கேட்பு நடந்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. அதன்பிறகு மசோதா வரைவாகவே நிற்கிறது. இந்தத் தேக்கம் நீடிக்கக் கூடாது. இணைய வணிகத் தளங்களில் சரக்கு விற்கும் லட்சக்கணக்கான சிறு வணிகர்களின் பிழைப்பு, அந்த வரைவில் உள்ள இரண்டு விதிகளைப் பொறுத்திருக்கிறது. தளம் தன் சரக்கையோ தனக்கு வேண்டியவரின் சரக்கையோ முன்னே தள்ளக் கூடாது என்பது ஒன்று. விற்பவரின் விற்பனைத் தகவலை எடுத்து அவருடனே போட்டி போடக் கூடாது என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் தாமதமின்றிச் சட்டமாக்க வேண்டும். தன் சரக்கு எங்கே, எப்போது, எப்படி விற்றது என்ற கணக்கு விற்பவருக்குச் சேர வேண்டிய உரிமை என்பதையும் அதே சட்டம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்.

வியாபாரத்துக்கு முதல் என்றதும் பணத்தைத்தான் நினைக்கிறோம். அதற்குக் குறையாத முதல், வியாபாரியிடம் உள்ள தகவல். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவருக்கு எந்த ஊர்க் கடைக்கு எந்த அளவு அதிகம் போகும், எந்த நிறம் தேங்கும், தீபாவளிச் சரக்கை எப்போது அனுப்பத் தொடங்க வேண்டும், சொன்ன தேதியில் பணம் கட்டுகிறவர் யார் என்பதெல்லாம் அத்துப்படி. நூல் விலை ஏறும்போதும் எந்த ரகத்தைத் தைக்கக் கொடுப்பது என்று அவர் துணிந்து முடிவெடுப்பது அந்த அறிவை நம்பித்தான். வணிக உத்தி என்று நிர்வாகவியல் படித்தவர்கள் சொல்வதும் இதைத்தான்.

அதே வியாபாரி இணையத் தளத்தில் விற்கத் தொடங்கினால் அவருக்குத் தெரிவது குறைவு. ஆர்டர் வந்தது, பொட்டலம் போனது, சில திரும்பி வந்தன, கமிஷனும் அனுப்புச் செலவும் விளம்பரக் கட்டணமும் பிடித்ததுபோக மிச்சம் வங்கிக் கணக்கில் ஏறியது. தளத்துக்கோ இன்னும் எவ்வளவோ தெரியும். அவருடைய பனியனைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் கடைசியில் எதை வாங்கினார்கள், விலை எந்த அளவைத் தாண்டியதும் வாங்குகிறவர் பின்வாங்கினார், எந்தப் பின்கோட்டில் எந்த அளவு திரும்பி வருகிறது, எந்தச் சொல்லைத் தட்டித் தேடியவர்களுக்கு ஏற்ற சரக்கு கிடைக்கவில்லை. விற்றதன் கணக்கோடு, விற்காமல் போனதன் கணக்கும் தளத்திடம் சேர்கிறது. அடுத்த பருவத்தின் முடிவுகள் அந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

எந்தக் கிடங்கில் எதை வைப்பது, எதற்குத் தள்ளுபடி தருவது, எந்த ரகத்தில் சொந்த பிராண்டை இறக்குவது என்று தளங்கள் முடிவு செய்வது இந்தத் தகவலைக் கொண்டே. சில நிமிடங்களில் வீட்டுக்குச் சரக்கு கொண்டுவரும் பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவற்றின் தொழிலே இதில்தான் நிற்கிறது. பேட்டைக்குள் இருக்கும் சிறிய கிடங்கில் எல்லாவற்றையும் அடுக்க முடியாது. அந்தப் பகுதி மக்கள் இன்று மாலை எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தால்தான் அந்த வேகம் சாத்தியம். ஒருகாலத்தில் கணக்குப் பிரிவுக்கு உதவியாக இருந்த கணினி, இன்று நிறுவனம் எந்தத் தொழிலில் இறங்குவது, யாரோடு மோதுவது என்பதையே தீர்மானிக்கிறது.

இதில் குறை காண ஒன்றுமில்லை. தன் உழைப்பால் திரட்டிய அறிவைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது எந்த வணிகருக்கும் உரிமை. ஆனால் இங்கே உழைப்பும் ஆபத்தும் ஒருவருடையவை, அறிவு இன்னொருவருக்குப் போகிறது. வாரச் சந்தையைக் குத்தகை எடுத்தவர் சுங்கம் வாங்குவதோடு நில்லாமல் தானும் கடை விரித்து, மற்ற எல்லாக் கடைகளின் கல்லாக் கணக்கையும் தினமும் பார்த்து, நன்றாக ஓடும் கடைக்கு எதிரே அதே சரக்கைக் குறைந்த விலையில் கொட்டி, வருகிற சனத்தையும் தன் கடைப்பக்கமே திருப்பிவிட்டால் அந்தச் சந்தையை எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளாது. கணினித் திரைக்குள் நடப்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

இந்தச் சிக்கலை உலகம் முன்பே ஒருமுறை சந்தித்துத் தீர்வும் கண்டிருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். துணையோடு 1960-களில் உருவாக்கிய ‘சேபர்’ என்ற முன்பதிவு முறை, 1970-களின் நடுவில் பயண முகவர்களின் மேசைக்கு வந்தது. திரையில் எல்லா நிறுவனங்களின் விமானங்களும் தெரிந்தன. ஆனால் முறைக்குச் சொந்தக்காரரின் விமானங்கள் சாதகமான வரிசையில் வரும்படி பட்டியல் அமைந்திருந்தது. வேலை நெருக்கடியில் இருக்கும் முகவர் முதல் திரையில் தெரிவதையே பெரும்பாலும் பதிவு செய்வார் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். யுனைடெட் நிறுவனத்தின் ‘அப்போலோ’ மீதும் இதே புகார் எழுந்தது. போட்டி நிறுவனங்கள் முறையிட்டன. 1984-இல் அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் இத்தகைய பாரபட்சத்தைத் தடுக்கும் விதிகளை வகுத்தது. முன்பதிவுகளிலிருந்து திரட்டும் சந்தைத் தகவலை மற்ற விமான நிறுவனங்களுக்கும் வேறுபாடின்றித் தர வேண்டும் என்றது. இதனால் சேபர் நசிந்துவிடவில்லை. மேலும் வளர்ந்து 2000-இல் தனி நிறுவனமாகவே பிரிந்தது. ஒழுங்குமுறை வந்தால் புதுமை செத்துவிடும் என்று இன்று எச்சரிப்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. அந்நிய முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனம் பிறர் விற்பதற்கான சந்தையாக இருக்கலாம், தானே சரக்கை வைத்து விற்கக் கூடாது என்பது நம் கொள்கை. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதை மேலும் இறுக்கின. ஒரு விற்பனையாளர் தன் கொள்முதலில் 25 விழுக்காட்டுக்கு மேல் தள நிறுவனத்திடமோ அதன் குழும நிறுவனங்களிடமோ வாங்கினால், அவருடைய சரக்கு தளத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும். ஆனால் இந்த விதிகள் கண்காணிப்பது சரக்கின் உடைமையை. தகவலின் உடைமையைப் பற்றி அவை பேசுவதில்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் ஓர் அடி முன்னே போயின. பொருள்களையும் விற்பனையாளர்களையும் எந்த அளவுகோல்களின்படி வரிசைப்படுத்துகிறோம் என்பதைத் தளங்கள் எளிய மொழியில் விளக்க வேண்டும் என்றன. விளக்கம் தருவது ஒன்று, அதன்படி நடப்பது வேறொன்று. நேற்றுவரை முதல் பக்கத்தில் இருந்த தன் சரக்கு இன்று ஏன் ஐந்தாம் பக்கத்துக்குப் போனது என்று ஈரோட்டு ஜமுக்காள வியாபாரி கேட்டால், அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு அவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

புகார் வந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்ற அணுகுமுறை எவ்வளவு மெதுவானது என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுவதாக எழுந்த புகாரின்மேல் அமேசான், ஃபிளிப்கார்ட் நிறுவனங்களை விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. 2021-இல் தடை நீங்கி, உச்ச நீதிமன்றமும் விசாரணையில் தலையிட மறுத்தது. விசாரணைப் பிரிவின் அறிக்கை வந்தபோது 2024 ஆகிவிட்டது. சில விற்பனையாளர்களுக்குச் சாதகம் காட்டப்பட்டது என்று அந்த அறிக்கை கண்டதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அதன்மேலும் வழக்குகள் தொடர்ந்தன. அமேசான் தன் சொந்த பிராண்டுகளுக்காக இந்தியாவில் பிறர் சரக்கைப் பார்த்து நகல் செய்தது, தேடல் முடிவுகளை வளைத்தது என்று ராய்ட்டர்ஸ் 2021-இல் உள் ஆவணங்களைக் காட்டி எழுதியது. நிறுவனங்கள் இக்குற்றச்சாட்டுகளை மறுக்கின்றன. யார் பக்கம் உண்மை என்பதை ஆணையமும் நீதிமன்றமும் தீர்மானிக்கட்டும். நம் கவலை வேறு. தீர்ப்பு வருவதற்குள் பாதிக்கப்பட்ட சிறு வணிகர் கடையை மூடியிருப்பார். வெற்றி பெற்றாலும் அவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆகவே எதைச் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் சட்டம் தேவை.

ஐரோப்பிய ஒன்றியம் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தகவலைத் தன் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அமேசான் அளித்த உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் கட்டாயமாக்கியது. 2024 மார்ச் முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இன்னும் தெளிவானது. வணிகர்கள் தளத்தில் உருவாக்கும் தரவை அவர்களுக்கே இலவசமாக, தொடர்ந்து, உடனுக்குடன் தர வேண்டும் என்கிறது. நம் வரைவிலும் தரவை வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. எந்த வடிவில், எந்த முறையில் என்பது மட்டும் பின்னால் வரப்போகும் ஒழுங்குமுறைகளுக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உரிமை வெறும் பேச்சாகிப்போகும் ஆபத்து இருக்கிறது.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கரூர்ப் படுக்கை விரிப்பும் சென்னிமலைப் போர்வையும் குவாஹாட்டி வரை போவதற்குத் தளங்கள்தான் வழி திறந்தன என்பது உண்மை. பணம் வசூலாகுமா என்ற பயமில்லாமல் முன்பின் தெரியாதவருக்கு விற்க முடிந்ததும் அவற்றால்தான். அதற்குரிய கமிஷனை வணிகர்கள் கட்டுகிறார்கள். கமிஷனுக்கு மேல் தங்கள் அறிவையும் விலையாகக் கொடுக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கில் சேரும்?

சூப்பர் மார்க்கெட்டுகளும் சொந்த பிராண்ட் விற்கின்றனவே என்பது அடுத்த வாதம். சூப்பர் மார்க்கெட் தன் பணத்தைப் போட்டுச் சரக்கை வாங்குகிறது. விற்காவிட்டால் நட்டம் அதற்குத்தான். தன் நட்டத்தில் கற்ற பாடத்தை அது பயன்படுத்துகிறது. தளத்திலோ தேங்கும் சரக்கின் நட்டம் விற்பவருக்கு, அதிலிருந்து கிடைக்கும் பாடம் தளத்துக்கு. அதுவும், நாங்கள் வெறும் சந்தைதான் என்று சொல்லி அந்நிய முதலீட்டு அனுமதி பெற்றவர்கள், தகவல் என்று வரும்போது மட்டும் கடைக்காரரின் உரிமையைக் கோர முடியாது.

விற்பவர்களுக்குப் புள்ளிவிவரப் பக்கங்களைத் திறந்து காட்டுகிறோமே என்று தளங்கள் சொல்லலாம். காட்டுகிறார்கள், மறுக்கவில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம் என்பதுதான் குறை. தகவலைப் பகிர்வதால் பெரிய நிறுவனம் தோற்றுப்போகும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. 1990-களின் தொடக்கத்தில் வால்மார்ட் ‘ரீட்டெய்ல் லிங்க்’ என்ற முறையின் வழியே, தன் கடைகளில் எந்தச் சரக்கு எவ்வளவு விற்கிறது என்பதை அதை அனுப்பியவர்களே பார்க்கும்படி திறந்துவிட்டது. அலமாரி காலியாவதற்குள் அவர்கள் சரக்கு அனுப்பினார்கள், தேவையற்ற இருப்பு குறைந்தது. அதே வால்மார்ட்தான் 2018-இல் ஃபிளிப்கார்ட்டின் ஏறத்தாழ 77 விழுக்காட்டுப் பங்கை 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே நல்ல வணிகமாக இருந்தது இங்கே ஆகாததாக இருக்க முடியாது.

வாங்குகிறவர்களின் அந்தரங்கம் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. விடையும் எளிது. விற்பவருக்கு யாருடைய பெயரும் கைபேசி எண்ணும் தேவையில்லை. பின்கோடு வாரியாக, அளவு வாரியாக, விலை வாரியாகத் தொகுத்த எண்ணிக்கை போதும். தனிநபர் தரவைக் காக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வணிகரின் தரவைக் காக்கத்தான் ஒன்றுமில்லை.

ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலைப்பின்னலை மத்திய அரசு தொடங்கியபோது, 2022 ஏப்ரலில் முன்னோட்டத்துக்குத் தேர்ந்த ஐந்து இடங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் பதிவு செய்த கடையை வேறு செயலிகளில் வாங்குகிறவர்களும் பார்க்க முடியும் என்ற அதன் அடிப்படை சரியானது. அதை வளர்க்க வேண்டும். ஆனால் மாற்றுப் பாதை போடுவது, பிரதான சாலையில் விதிகள் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. பெரும்பாலான வாங்குகிறவர்கள் இன்றும் பெரிய தளங்களில்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாவட்டத் தொழில் மையங்கள் தரும் இணைய வணிகப் பயிற்சி, பதிவு செய்வதும் படம் ஏற்றுவதும் கற்றுத்தருவதோடு முடிந்துவிடக் கூடாது. கிடைக்கும் எண்களைப் படித்து உற்பத்தியை மாற்றிக்கொள்ளும் திறமையைத் தர வேண்டும். தனித்தனியாக வாங்க முடியாத மென்பொருளையும் ஆளையும் வணிகர் சங்கங்கள் சேர்ந்து அமர்த்தலாம். உரிமை கிடைத்தும் கணக்கைப் படிக்கத் தெரியாவிட்டால் அந்த உரிமையால் பயனில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. எந்த நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தும் என்பதற்கு வரைவு சொல்லும் அளவுகோல்களில் ஒன்று, இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல். வளரத் துடிக்கும் சிறிய நிறுவனங்களை அது தொடாது. எல்லை கூடுதலா குறைவா என்பதை நாடாளுமன்றத்தில் விவாதித்துத் திருத்திக்கொள்ளலாம். அதைக் காரணம் காட்டி மசோதாவையே கிடப்பில் போடக் கூடாது. தேடலில் எத்தனை முறை தோன்றியது, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எங்கிருந்து ஏன் திரும்பியது என்ற விவரங்கள் விற்பவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று சட்டத்தின் வாசகத்திலேயே எழுத வேண்டும். வாங்கியவர்கள் தந்த மதிப்பெண்ணையும் மதிப்புரையையும் விற்பவர் வேறு தளத்துக்கு எடுத்துச்செல்ல இடம் தர வேண்டும். வரிசைப்படுத்தும் முறையைத் தணிக்கை செய்யத் தெரிந்த பொறியாளர்களைப் போட்டி ஆணையத்துக்குத் தர வேண்டும். மீறினால் உலக விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை அபராதம் என்ற பிரிவை நீர்த்துப்போக விடக் கூடாது.

எந்தச் சரக்கைச் செய்வது, எவ்வளவு செய்வது, என்ன விலை வைப்பது என்று தானே தீர்மானிப்பவர்தான் வணிகர். அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய தகவலைப் பறிகொடுத்தவர், சொந்த முதல் போட்டும் பிறருக்குக் கூலி வேலை செய்கிறவராகிவிடுவார். நம் நாட்டுச் சிறு வணிகர்களை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டு டிஜிட்டல் வளர்ச்சி பற்றிப் பெருமை பேச முடியாது. வரும் கூட்டத்தொடரிலேயே மசோதாவைத் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதை வலியுறுத்த வேண்டும்.